சித்தப்பா வீட்டு மாடித் திரை

கோவை பீளமேட்டில் இருக்கும் சித்தப்பா வீட்டு மாடி அறை 11 அடிக்கு 15 அடி. உயரம் 10 அடி. பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய கருப்பு வெள்ளைப் படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். பொங்கல் முடிந்த வாரம் என்னைக் கூப்பிட்டு, “கண்ணு, படம் காட்டற பெட்டி ஒண்ணு வாங்கியிருக்கேன். ஒண்ணுமே தெரியறதில்ல. செவுத்துக்குப் பெயிண்ட் அடிச்சா செரியாப் போயிருமான்னு வந்து பாரு” என்றார். அன்றிலிருந்து ஏப்ரல் வரை அந்த அறையில் நடந்ததுதான் இது. நான் செய்த தப்புகளும் இதில் உண்டு, அதிலும் ஒன்றுக்குச் சித்தப்பா இன்னும் என்னைக் கிண்டல் செய்கிறார்.

முதலில் அந்தப் பெட்டி, அதாவது புரொஜெக்டர். இணையத்தில் 9,000 ரூபாய்க்கு வாங்கியது. அட்டைப் பெட்டி மேல் ‘9000 லூமன்’, ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. லூமன் என்பது பெட்டி வெளியே விடும் மொத்த வெளிச்சம், லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சம். நான் கையோடு லக்ஸ் மீட்டர் கொண்டு போயிருந்தேன். ஆன்லைனில் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிற சாதாரண மீட்டர். சுவரில் 100 அங்குலக் குறுக்களவுக்கு முழு வெள்ளைப் படத்தை ஓட்டி, அதை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஆன்சி லூமன் என்பது அடிப்படையில் இந்தக் கணக்குதான்: ஒன்பது இடத்தின் சராசரி லக்ஸை, சதுர மீட்டரில் திரையின் பரப்பால் பெருக்க வேண்டும். 16:9 வடிவத்தில் 100 அங்குலத் திரை 2.21 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம்; பரப்பு 2.76 சதுர மீட்டர். சராசரி 66 லக்ஸ் வந்தது. பெருக்கினால் 182 லூமன்.

9000 எங்கே, 182 எங்கே! 4கே என்றதும் அப்படித்தான். 4கே வீடியோவைக் கொடுத்தால் அது வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே படத்தை உருவாக்கும் பேனலில் இருப்பது 1280க்கு 720 புள்ளிதான், 4கேக்குப் பக்கத்தில்கூட வராது. ‘சப்போர்ட்’ என்று போட்டிருந்தால் உஷாராகிவிட வேண்டும். பேனலில் உண்மையாக இருக்கும் புள்ளிக் கணக்குக்கு ‘நேட்டிவ்’ என்று பேர், அது எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். தேடியும் கிடைக்கவில்லையா, அதுவும் ஒரு பதில்தான்.

சரி, எவ்வளவு இருந்தால் போதும்? திரையிலிருந்து கண்ணுக்கு வரும் பிரகாசத்தை நிட்ஸ் என்று அளப்பார்கள். டிஜிட்டல் சினிமா தியேட்டரில் திரையின் வெள்ளை 48 நிட்ஸ் இருக்க வேண்டும் என்பது தர அளவு. டிவி விளம்பரத்தில் ஆயிரம் நிட்ஸ் என்று படித்துப் பழகியவர்களுக்கு இது சொற்பமாகத் தெரியும். கும்மிருட்டில் அது தாராளம். மேட், அதாவது பளபளப்பில்லாத பூச்சுச் சுவரின் நிட்ஸ் கணக்கு எளிது: லக்ஸை, சுவர் திருப்பி அனுப்பும் விகிதத்தால் பெருக்கி, 3.14ஆல் வகுக்க வேண்டும். மேட் வெள்ளைச் சுவருக்கு அந்த விகிதத்தை 0.9 என்று வைத்தால், சித்தப்பாவின் பெட்டி தருவது 19 நிட்ஸ். தியேட்டரில் பாதிகூட இல்லை. எந்தப் பெயிண்டும் அதைக் காப்பாற்றாது. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், இந்த அளவு வெள்ளைச் சுவரில் 48 நிட்ஸ் வர 460 லூமன் போதும் என்று வருகிறது. ஆனால் அது உண்மையான 460 லூமனாக இருக்க வேண்டும்.

சித்தியின் கண்

அடுத்து எந்த வகை வாங்குவது என்ற பேச்சு. வீட்டுக்குச் சரிப்படும் விலையில் இரண்டுதான். ஒன்று ஒற்றைச் சில்லு (சிப்) டிஎல்பி. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987ல் உருவாக்கிய கண்ணாடிச் சில்லுதான் அதன் உயிர். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குட்டிக் கண்ணாடி; அது சாய்ந்து சாய்ந்து ஒளியைத் திரைக்கோ குப்பைக்கோ அனுப்பும். நிறத்துக்கு, விளக்கின் முன்னால் சுற்றும் ஒரு வண்ணச் சக்கரம்: சிவப்பு, பச்சை, நீலம் என ஒன்றன் பின் ஒன்றாகப் படம் வரும், கண் அதைச் சேர்த்துக்கொள்ளும். இன்னொன்று எப்சன் பரப்பிய 3எல்சிடி. அதில் வெள்ளை ஒளி மூன்று நிறமாகப் பிரிந்து, மூன்று பேனல் வழியே போய், ஒரு பட்டகத்தில் ஒன்றாகிறது. மூன்று நிறமும் ஒரே நேரத்தில் திரைக்கு வரும்.

டிஎல்பியில் கூர்மையும் கருப்பும் கொஞ்சம் மேல் என்பது என் கட்சி. நண்பரிடம் ஒன்றை இரவல் வாங்கி மாடியில் வைத்தேன். பழைய படம் ஒன்று, கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடுகிறது. சித்தப்பா ‘ஆகா’ என்கிறார். சித்தியோ கண்ணைக் கசக்கிக்கொண்டு, “ஏப்பா, எழுத்தோரமா வானவில் வானவில்லா ஓடுதே, உனக்குத் தெரியலையா?” என்றார். எனக்குத் தெரியவில்லை, சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. சித்தி சொன்னது முழு உண்மை. கண்ணைச் சட்டென்று திருப்பும்போது, அடுத்தடுத்து வரும் மூன்று நிறமும் விழித்திரையில் வேறு வேறு இடத்தில் விழுகின்றன. சிலர் கண்ணுக்கு அது பிடிபடும், சிலருக்குப் பிடிபடாது. கருப்பில் வெள்ளை எழுத்து மாதிரி முரண்பாடு (கான்ட்ராஸ்ட்) அதிகமான இடத்தில்தான் அது பளிச்சென்று தெரியும். கருப்பு வெள்ளைப் படம் முழுக்க அந்த மாதிரி இடம்தான். நம்பாதவர்கள் டிஎல்பி வெளிச்சத்துக்கு முன்னால் கையை விரித்து வேகமாக ஆட்டிப் பாருங்கள், விரல்களின் நிழலோரத்தில் நிறங்கள் தனித்தனியாக நிற்கும்.

கடையில் சொல்லாத இன்னொரு விஷயம். பல டிஎல்பி மாடல்களில் வண்ணச் சக்கரத்தில் நிறமில்லாத ஒரு துண்டும் இருக்கும். வெள்ளைப் படத்தின் லூமனை அது ஏற்றிவிடும், சிவப்புப் புடவைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அட்டைப் பெட்டியில் ஏறுவதோ வெள்ளை லூமன். சித்தப்பா மாதிரி கருப்பு வெள்ளை மட்டும் பார்க்கிறவருக்கு இது ஒரு குறையே கிடையாது. வேடிக்கையாக, அவருக்காகவே செய்த மாதிரி இருக்கும். ஆனால் சித்தி வண்ணப் படம் பார்ப்பார், வானவில்லும் பார்ப்பார். ஆகவே 3எல்சிடி என்று முடிவானது.

அதற்கும் குறை உண்டு. மூன்று பேனலும் அரைப் புள்ளி விலகி உட்கார்ந்திருந்தால்கூட வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். அதனால் கடையிலேயே கட்டம் போட்ட படம் ஒன்றை ஓட்டிப் பார்த்துத்தான் எடுத்தோம். தூசி வேறு. வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுவது சித்தப்பாவின் பொறுப்பு. வாங்கியது 1920க்கு 1080 நேட்டிவ், விளக்கு வகை, 62,000 ரூபாய். அட்டையில் 3,000 சொச்சம் லூமன். நிறம் சரியாக இருக்கும் சினிமா மோடில், மின்சாரம் குறைக்கும் எகோவில் வைத்து அளந்தால் சராசரி 430 லக்ஸ், அதாவது 1,190 லூமன் அளவில் வந்தது. நல்ல கம்பெனிப் பெட்டியிலும் படம் பார்க்கும் மோடில் பாதிக்கும் கீழேதான் மிஞ்சும், அது ஏமாற்று இல்லை. அந்த 3,000 என்பது பச்சை தூக்கலாக இருக்கும் அதிகபட்ச மோடின் கணக்கு.

விசிறி

எந்த வழிகாட்டியிலும் நான் பார்க்காத சிக்கல் இது. அறையின் நட்டநடுவில் சீலிங் ஃபேன். எங்கள் புரொஜெக்டருக்குத் திரையின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும், திரை 7.26 அடி அகலம், ஆக 11 அடி. மேல்தளத்தில் மாட்டினால் ஒளிக்கற்றை நேராக ஃபேன் இறக்கை வழியே போகிறது. நீளக் குழாய் வைத்துக் கீழே இறக்கினோம். ஃபேன் சுற்றுகிற அதிர்வு தளம் வழியாகக் குழாய்க்கு வந்து, திரையில் எழுத்தெல்லாம் குளிரில் நடுங்குகிற மாதிரி ஆடியது. இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு ஃபேனையே கழற்றிவிட்டுப் பக்கச் சுவரில் ஒரு விசிறி மாட்டினோம், குழாயை ஒரு சாண் அளவுக்கு வெட்டினோம். படத்தைச் சதுரமாக்கும் கீஸ்டோனை அணைத்தே வைத்திருக்கிறோம். அது இருக்கும் புள்ளிகளைத் தியாகம் செய்துதான் சதுரமாக்கும். ஐந்து நிமிட மின்வெட்டில் சூடான விளக்கு காற்றில்லாமல் நிற்கக் கூடாது என்று கம்ப்யூட்டருக்குப் போடுகிற சின்ன யுபிஎஸ் ஒன்றும் சேர்த்தோம்.

சாம்பல் ஏன்

இப்போது பழைய வெள்ளை டிஸ்டெம்பர் சுவரிலேயே படம் ஓட்டினோம். வெளிச்சம் பிரமாதம். ஆனால் பழைய படங்கள் கிட்டத்தட்ட சதுரம், 1.37க்கு 1. தமிழில் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை 1973ல்தான் வந்தது. சித்தப்பா பார்ப்பதெல்லாம் அதற்கு முந்தியவை. 16:9 திரையில் ஓட்டும்போது இரண்டு பக்கமும் பத்துப் பத்து அங்குலம் கருப்புப் பட்டை விழும். அந்தப் பட்டை கருப்பாக இல்லை, வெளுத்த சாம்பலாக இருந்தது. “ராத்திரி சீன்ல நெலா வெளிச்சம் ஜாஸ்தியா இருக்குது” என்றார் சித்தப்பா.

சதுரங்கக் கட்டம் மாதிரி கருப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் படத்தை ஓட்டி அளந்தேன். வெள்ளைக் கட்டத்தில் 430 லக்ஸ், கருப்புக் கட்டத்தில் 13. முரண்பாடு 33க்கு 1. புரொஜெக்டர் அட்டையில் பத்தாயிரக்கணக்கில் ஒரு எண் இருந்தது. அது முழு வெள்ளைப் படத்தையும் முழுக் கருப்புப் படத்தையும் தனித்தனியே எடுத்து ஒப்பிட்ட எண். ஒரே காட்சியில் இரண்டும் இருக்கும்போது, வெள்ளைக் கட்டத்தில் பட்ட ஒளி மேல்தளத்துக்கும் பக்கச் சுவருக்கும் போய்த் திரும்பி வந்து கருப்புக் கட்டத்தில் விழுகிறது. புரொஜெக்டருக்கு வெளியே, அறைக்குள் நடக்கிற கெடுதல் இது.

திரைச் சுவருக்குச் சாம்பல் பெயிண்ட் அடிக்கலாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஆனால் பலரும் நினைக்கிற காரணம் வேறு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தைச் சாம்பல் சுவர் சமாளிக்கும் என்கிறார்கள். சமாளிக்காது. மத்தியானம் ஜன்னல் இடுக்கிலிருந்து 20 லக்ஸ் திரையில் விழுந்தால், சாம்பல் அந்த 20ஐயும் மங்கலாக்கும், படத்தின் வெள்ளையையும் அதே அளவு மங்கலாக்கும். படத்தின் 430ஓடு அந்த 20 சேர்ந்து விகிதம் 450க்கு 20, வெள்ளைச் சுவரிலும் அதேதான். அதற்கு மருந்து கனத்த திரைச்சீலை. சாம்பல் உண்மையில் உதவுவது திரையிலிருந்து கிளம்பி அறையைச் சுற்றி மறுபடி திரைக்கே வரும் ஒளிக்குத்தான். அது கிளம்பும்போதே குறைந்துவிடுகிறது. கூடவே, மொத்தப் படமும் ஒரு படி இறங்குவதால் கருப்பு கண்ணுக்கு இன்னும் கருப்பாகத் தெரியும். இதற்கெல்லாம் விலை வெளிச்சம். எங்களிடம் உபரியாக இருந்ததால் கொடுக்க முடிந்தது. அந்தப் பழைய பெட்டியை வைத்துக்கொண்டு சாம்பல் அடித்திருந்தால் டார்ச் அடித்துத்தான் படம் பார்த்திருப்போம்.

தேர்ந்தெடுத்தது, நிறங்களை வரிசைப்படுத்தும் மன்செல் அளவில் என்8 எனப்படும் நடுநிலைச் சாம்பல், அதாவது எந்த நிறச் சாயலும் இல்லாதது. கம்ப்யூட்டர் எண்ணில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255க்கு 202. ஒளியில் 58 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நிட்ஸ் கணக்கில் 79 வரும். விளக்கு வயதாகிப் பாதியானால் 40, அப்போது எகோவை எடுத்துவிட்டால் தியேட்டர் அளவைத் தொட்டுவிடலாம்.

பெயிண்டர் அண்ணனும் வெள்ளித்திரையும்

வந்த பெயிண்டர் கைதேர்ந்தவர், ஆனால் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். “ஏனுங் தம்பி, திரைன்னா வெள்ளித்திரைதானுங்களே? கேட்டுக்கு அடிக்கற அலுமினியப் பெயிண்ட் அடிச்சுத் தர்றனுங்க, சும்மா மின்னும்.” சொன்னதில் சரித்திரம் சரி. பழைய தியேட்டர்களில் ஒளி போதாது என்று திரைக்கு உலோகப் பூச்சுக் கொடுத்தார்கள், வெள்ளித்திரை என்ற பேரே அப்படி வந்தது. முனைவாக்கிய கண்ணாடி போட்டுப் பார்க்கும் 3டி படத்துக்கு இன்றும் அந்தத் திரை வேண்டும். ஆனால் வீட்டுச் சுவரில் அடித்தால் விளக்குக்கு நேரே நடுவில் ஒரு வட்டம் பளபளக்கும், ஓரம் இருண்டு கிடக்கும், ஆள் நகர்ந்தால் அந்த வட்டமும் கூடவே நகரும். அட்டையில் அடித்துக் காட்டிய பிறகுதான் மேட் எமல்ஷனுக்கு ஒப்புக்கொண்டார். அப்போதும் “கழுவ முடியாதுங்க” என்று ஒரு வருத்தம்.

சுவர் வேலைதான் அதிக நாள் பிடித்தது. 100 அங்குலத்தில் ஒரு புள்ளி 1.15 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிய மேடு பள்ளம் எல்லாம் நிழல் போடும். இரவில் அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் மொத்தச் சுவரும் நிலாத் தரை மாதிரி தெரிந்தது. டிஸ்டெம்பரைச் சுரண்டி, இரண்டு கை பட்டி பார்த்து, காயவிட்டு, 320 நம்பர் உப்புத்தாள் போட்டு, மறுபடி டார்ச், மறுபடி பட்டி. நான்கு இரவு இப்படி. பிறகு பிரைமர். ரோலரில்தான் கடைசிச் சறுக்கல்: சடை நீளமான ரோலர் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி விட்டது. குட்டைச் சடை மைக்ரோஃபைபர் ரோலர் வாங்கி, பெயிண்டைக் கொஞ்சம் இளக்கி, மூன்று மெல்லிய கோட், ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழே ஒரே மூச்சில் இழுத்து முடித்தோம். 30 சதுர அடிக்கு ஒரு லிட்டர் தாராளம்.

இனி என் தப்பு. நிற அட்டையைப் பார்த்து ‘இது நடுநிலைச் சாம்பல்தான்’ என்று கண்ணாலேயே முடிவு செய்து கலக்கச் சொல்லிவிட்டேன். அடித்து முடித்து முதல் படம் போட்டோம். கதாநாயகி முகத்தில் நீலம் பாரித்திருந்தது. “பாவம், பாம்பு கடிச்ச மாதிரி இருக்கறா” என்றார் சித்தப்பா. வெள்ளையில் வெறும் கருப்புச் சாயத்தைக் கலந்தால் நீலச் சாயல்தான் வரும். பெயிண்ட் கடைச் சாம்பல்கள் பலவும் அப்படியோ பச்சையோடியோ இருக்கும். வண்ணப் படத்தில் இது மறைந்துவிடும், கருப்பு வெள்ளையில் தப்பிக்க வழியே இல்லை.

சரிபார்க்க உதவியது பிளம்பர் சுற்றும் டெஃப்லான் டேப். ஏ4 தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் இருப்பதால் அதை நம்ப முடியாது. டெஃப்லான் டேப்பை அட்டையில் ஐந்தாறு சுற்றுச் சுற்றினால் நிறச் சாய்வில்லாத நல்ல வெள்ளை கிடைக்கும், விலை முப்பது ரூபாய்க்குள். அதைத் திரையில் ஒட்டி, புரொஜெக்டர் வெளிச்சத்திலேயே போனில் படம் எடுத்து, டேப்பின் மூன்று நிற எண்ணையும் சுவரின் எண்ணையும் ஒப்பிட்டேன். சுவரில் நீலம் தூக்கல். கடைக்காரர் மஞ்சள் ஆக்சைடு கொஞ்சமும் சிவப்பு ஆக்சைடு அதைவிடக் கொஞ்சமும் சேர்த்துக் கொடுத்தார். சாம்பிள் அட்டை அடிப்பது, காயவிடுவது, படம் எடுப்பது என்று மூன்றாவது முறை எண்கள் ஒன்றுக்கொன்று இசைந்தன. அந்தச் சூத்திரம் அச்சான சீட்டை டின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

வெல்வெட்

மறுபடி சதுரங்கக் கட்டம். கருப்பில் 13 லக்ஸ் இருந்தது 9 ஆனது. 33க்கு 1 என்பது 48க்கு 1. இவ்வளவு பாடுபட்டதற்கு இதுதானா என்று எனக்கே சப்பென்றாகிவிட்டது. பிறகு திரையை ஒட்டிய மேல்தளத்தில் ஐந்து அடிக்கும், இரண்டு பக்கச் சுவரில் ஐந்தைந்து அடிக்கும் கரும்பழுப்பு மேட் அடித்தோம். சித்தி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, ‘சமையல்கட்டுப் புகை படிஞ்ச மாதிரி’ என்பது அவர் வாதம். மாடிதானே என்று சமாதானம் ஆனார். கருப்பில் 4 லக்ஸ்! நூறுக்கு 1ஐத் தாண்டியது. வரிசையை மாற்றி, மேல்தளத்தையும் பக்கச் சுவரையும் முதலில் அடித்திருந்தால், திரைக்கு என்8ஐவிட வெளிர்ந்த சாம்பலே போதுமாக இருந்திருக்கலாம் என்று இப்போது படுகிறது.

அதற்குப் பிறகும் அந்தப் பத்து அங்குலப் பட்டை உறுத்தியது. எல்சிடி கருப்பு முழுக் கருப்பாகாது. ஜாக்கெட் துணிக் கடையில் கருப்பு வெல்வெட் மூன்று மீட்டர் வாங்கினேன். திரையைச் சுற்றி மூன்று அங்குலச் சட்டம் அதிலேயே. மிச்சத் துணியை இரண்டு சன்போர்டு அட்டையில் ஒட்டி, பத்து அங்குல அகலம், 49 அங்குல உயரத்தில் இரண்டு மறைப்புப் பலகை செய்தோம். பழைய படம் போடும்போது இரண்டு பக்கமும் கொக்கியில் மாட்டிவிட்டால் பட்டை காணாமல் போகிறது, படம் இருட்டில் தனியாக மிதக்கிறது. பழைய தியேட்டர்களில் படத்தின் அளவுக்குத் தக்கபடி ஓரத் துணியை இழுத்து மூடுவார்களே, அதேதான். மொத்தம் 700 ரூபாய். 62,000 ரூபாய்ப் பெட்டி வந்த அன்று ‘நல்லாருக்குது’ என்ற சித்தப்பா, இந்தப் பலகை மாட்டிய அன்றுதான் படம் முடிகிறவரை வாயே திறக்கவில்லை.

ஐப்பசி மழையில் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு கையகல ஓதம் பூத்திருக்கிறது. அது வெளிச்சுவர், ஏப்ரல் வெயிலில் தட்டிப் பார்த்தபோது எலும்பு மாதிரி காய்ந்திருந்ததை நம்பிவிட்டோம். வெளிப்பக்கம் விரிசலை அடைத்து, தை பிறந்து சுவர் காய்ந்ததும் அந்த மூலையை மட்டும் சுரண்டிப் பட்டி பார்க்க வேண்டும். டின்னில் முந்நூறு மில்லி மிச்சம் இருக்கிறது. திட்டுத் தெரியாமல் இருக்க முழுச் சுவருக்கும் ஒரு கோட் இழுக்கணும்ங்க என்கிறார் பெயிண்டர் அண்ணன். அதுவரை பழைய படம் மட்டும்தான். அந்த மூலையைப் பலகை மறைத்துக்கொள்கிறது.